ஞானமுத்து எழுதித் தந்த நான்கு வரி

ஒரு மனிதன் தன் சொந்தப் புத்தியால் கண்டுபிடித்ததை, 'நீ ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை' என்று அவனையே நம்பவைத்தவன் நான். அவன் என்னை வாய் நிறைய அண்ணாச்சி என்று அழைத்தவன். பிறகு அவன் மனைவி என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டாள். அவளிடமும் அதே பொய்யைச் சொன்னேன்.

திருடினேன் என்று சொல்லியிருந்தால் நீங்கள் என்னை ஓரளவு புரிந்துகொண்டிருப்பீர்கள். திருடியவனுக்குக் கையில் ஏதாவது மிஞ்சும். எனக்கு என்ன மிஞ்சியது? ஒரு பேர். அதுவும் இரணியல் பதிவு அலுவலகத்து வாசலைத் தாண்டினால் யாருக்கும் தெரியாத பேர்.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். எங்கள் பக்கத்தில் அதை ஆதாரம் எழுத்து என்பார்கள். பத்திரத்தின் கடைசியில், எழுதியவன் கையெழுத்துக்கு மேலே, எத்தனை இடத்தில் அடித்திருக்கிறது, எத்தனை இடத்தில் திருத்தியிருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். அது முறை. நான் எழுதிய பத்திரங்களில் அந்த இடத்தில் 'அடித்தல் திருத்தல் இல்லை' என்றுதான் இருக்கும். ஒரு சொல் பிசகினால்கூட முழுத்தாளையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவேன். "பிள்ளைவாள் எழுதினா எந்தக் கோர்ட்டிலயும் நிக்கும்" என்று ஆட்கள் சொல்வது காதில் விழ வேண்டும் எனக்கு. அதற்காக மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டிருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. எதையும் விட்டுவிடக்கூடாது. ஒரு வயலை விற்றால் வயலை மட்டும் எழுதினால் போதாது. நான்கு எல்லை, மாவடை மரவடை, நீர், கல், புதையல், இப்போது இருப்பது, இனி உண்டாகப் போவது எல்லாவற்றையும் அடுக்கி எழுதுவேன். விட்டுப்போன ஒரு சொல்லில்தான் வழக்கு முளைக்கும் என்று நம்புகிற தொழில் அது. அந்த நம்பிக்கையோடு நான் வேறொரு காரியத்தில் கை வைத்தேன்...

ஞானமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன். குளச்சலில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்து, யுத்த காலத்தில் பட்டாளத்துக் கம்பியில்லாத் தந்திப் பிரிவில் வேலை பார்த்து, யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஒல்லியான ஆள். சத்தமாகப் பேசத் தெரியாது. சர்ச்சில் ஒலிபெருக்கி கட்டுவதும் அவர்தான், அதில் பேசச் சொன்னால் ஓடிப்போவதும் அவர்தான்.

அந்தக் காலத்து ரேடியோக்களில் ஒரு செலீனியம் தகடு இருக்கும். வீட்டுக்கு வரும் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடும். ரேடியோவுக்கு ஒரே பக்கமாக ஓடுகிற மின்சாரம் வேண்டும். இந்தத் தகடு ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. இப்போது பள்ளிப் புத்தகங்களில் குறைக்கடத்தி என்று எழுதுகிறார்களே, அந்த வகை. இவ்வளவும் எனக்கு ஞானமுத்து சொல்லித்தான் தெரியும்.

எங்கள் கடற்கரையில் அந்தத் தகடு ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. உப்புக் காற்று அரித்துவிடும். கம்பெனிக்காரர்கள் பூசி அனுப்பிய பூச்செல்லாம் ஆனி ஆடிச் சாரலில் கொப்புளம் விட்டு உரிந்துவிடும். தகடு போனால் ரேடியோ ஊமை. புதுத் தகடு மதராசிலிருந்து வர வேண்டும்.

ஞானமுத்து நான்கு வருஷம் அதற்கு ஒரு பூச்சு தேடினார். கடைசியில் அவர் பிடித்தது முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கிற எண்ணெயை. நாங்கள் அண்டியெண்ணெய் என்போம். கடப்புறத்து ஆட்கள் வள்ளத்துக்கும் வலைக்கும் காலம் காலமாக அதைத்தான் பூசுகிறார்கள். ஆனால் அதை அப்படியே தகட்டில் பூசினால் தகட்டையே தின்றுவிடும். காய்ச்சிப் பூசி வெயிலில் வைத்தால் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். பத்து நாளில் தகடு செத்துவிடும்.

வழி கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூச்சுப் போட்ட ஒரு தகட்டை மின்சாரத்தில் மாட்டிவிட்டு, அதை மறந்தே போய், மனுஷன் ஆராதனைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால், மின்சாரம் ஓடிய சூட்டில் பூச்சு உள்ளிருந்து வெளியே காய்ந்திருந்தது. அந்தத் தகடு மட்டும் அந்த மழைக்காலத்தைத் தாண்டியது. மற்றதெல்லாம் போயிற்று.

தற்செயலாக நடந்ததோடு அவர் விட்டுவிடவில்லை. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரம், எத்தனை பூச்சு என்று ஒன்றரை வருஷம் பார்த்தார். எண்ணெய் காய்ச்சியது அவர் மனைவி அன்னம்மாள். அண்டியெண்ணெய் பட்ட இடம் புண்ணாகும். அன்னம்மாளின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கறுப்புக் கறுப்பாகத் தழும்பு விழுந்திருந்தது. கல்யாண வீடுகளில் அவள் சேலைத் தலைப்புக்குள்ளே கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என் வீடு மண்டைக்காட்டுப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. என் ரேடியோவில்தான் அந்தத் தகட்டை முதலில் மாட்டிச் சோதித்தார். இரண்டு மழைக்காலம் போனது. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.

அப்போது எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, இந்த மாதிரி விண்ணப்பங்களெல்லாம் கல்கத்தாவில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று ஆகியிருந்தது. ஞானமுத்து ஒரு காலைப்பொழுதில் என்னைத் தேடி இரணியலுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இத இங்கிலீசுல நீங்கதான் எழுதித் தரணும். எனக்கு மெசின் புஸ்தகம் வாசிக்கத் தெரியும். சட்டத்துக்க இங்கிலீசு தெரியாது."

அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்.

'அண்டி எண்ணெயை நுரை அடங்கும்வரை காய்ச்சி, சுண்ணாம்புத் தெளிவு விட்டு, ஆறினபின் வடிக்கணும்.
தகட்டில் மெல்லிசாய் ஒரு பூச்சு போடணும்.
ஈரம் இருக்கும்போதே தகட்டில் கொஞ்சமாய்க் கரண்டு விட்டு, தகட்டின் சூட்டிலேயே உள்ளிருந்து காயவைக்கணும். வெயிலில் வைக்கக் கூடாது.
காய்ந்தபின் இன்னொரு பூச்சு, இதேபோல்.'

நான்கே வரி. அதை அப்படியே இங்கிலீசில் எழுதியிருந்தால் போதும். போதும்! இதை எழுதுகிறபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வயலுக்குப் பத்திரம் எழுதுகிற மாதிரி எழுதினேன். முந்திரித்தோட்டு எண்ணெய் எதுவானாலும், காய்ச்சியோ காய்ச்சாமலோ, சுண்ணாம்போ வேறு எந்தப் பொருளோ சேர்த்தோ சேர்க்காமலோ, எந்தத் தகட்டிலும், தகடு அல்லாத வேறு எந்தப் பொருளிலும், வெயிலாலோ நெருப்பாலோ மின்சாரத்தாலோ வேறு எவ்வகையாலோ காயவைப்பதும், இப்போது அறியப்பட்டதும் இனி அறியப்படப் போவதும்... இரண்டு பக்கத்துக்கு ஒரே வாக்கியம். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

ஞானமுத்து வந்து வாசித்தார். விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"அண்ணாச்சி, நான் வெயிலு ஆகாதுன்னுல்லா எழுதித் தந்தேன். நீங்க வெயிலயும் சேத்திருக்கிய."

"சேக்கணும் ஞானமுத்து. வடக்கெல்லையில ஒரு முழம் விட்டுப் பாரும், பக்கத்து வயலுக்காரன் அதுக்குள்ள வேலி போட்டிருவான்."

"அதுக்கில்ல. உள்ளேருந்து காயணும்ங்கதுதான் விசயம். அது இதுக்குள்ள எங்கயோ கெடக்கு. வாசிக்கவனுக்கு மனசிலாவுமா?"

"வாசிக்கவன் கல்கத்தாக்காரன். உம்ம மாதிரி ஆளில்ல. நீரு கையெழுத்துப் போடும்."

அவர் கையெழுத்துப் போட்டார். கடிதம் வந்துசேர வேண்டிய விலாசம் என்ற இடத்தில் நான் என் விலாசத்தை எழுதினேன். அவருக்குக் கடையைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும், கடிதம் வந்தால் எப்படியும் என்னிடம்தான் கொண்டுவருவார் என்று அப்போது நினைத்தேன். அதில் கள்ளம் ஒன்றும் கிடையாது. பிற்பாடு அந்த விலாசம்தான் எனக்கு வசதியாகப் போயிற்று.

விண்ணப்பம் ஏற்கப்பட்டு, விவரம் வெளியானது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்பது முறை. வர்ணம் தயாரிக்கும் ஒரு வெளியூர்க் கம்பெனி ஆட்சேபம் கொடுத்தது. இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, இவர் உரிமை கேட்பது எதற்கு என்றே தெளிவாக இல்லை. இரண்டு, இதில் புதிதாக யோசிக்க ஒன்றும் இல்லை. கடற்கரையில் வள்ளம் வைத்திருக்கிற எவனுக்கும் இது தானாகவே தோன்றும். இரண்டு வள்ளக்காரர்களிடம் சத்தியக் கடிதம் வாங்கிச் சேர்த்திருந்தார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அண்டியெண்ணெய் காய்ச்சிப் பூசி வெயிலில் காயவைக்கிறோம் என்று அதில் இருந்தது.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர்கள் செய்துவந்ததற்கு உரிமை கேட்டது ஞானமுத்துவா? நான் அல்லவா? 'வெயிலாலோ' என்று எழுதியது யார் கை?

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. யாரோ எதிர்த்திருக்கிறார்கள், பதில் எழுதுகிறேன் என்று மட்டும் ஞானமுத்துவிடம் சொன்னேன். நான் மேல்முறையீடு எழுதினேன். எப்படி எழுதினேன் என்கிறீர்கள்? முதலில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி என்று பதினாறு பக்கம் எழுதினேன். என் சொல்லுக்காக வாதாடினேனே தவிர, ஞானமுத்துவின் தகட்டைப் பற்றி ஒரு பக்கம் இருந்திருந்தால் அதிகம்.

அதற்குப் பிறகு வந்தது அந்தக் கடிதம்.

மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி யாரோ, நல்ல மனுஷன். பதினாறு பக்கத்தையும் பொறுமையாகப் படித்திருக்கிறார். அந்தக் குப்பைக்குள்ளே கிடந்த ஒரு வரியைக் கண்டுபிடித்திருக்கிறார். 'ஈரமான பூச்சைத் தகட்டின் வழியே மின்சாரம் செலுத்தி உள்ளிருந்து காயவைப்பது என்பது, வள்ளத்துக்கு எண்ணெய் பூசுகிறவர்களுக்குத் தானாகத் தோன்றக்கூடியதாகத் தெரியவில்லை. விண்ணப்பதாரர் தம் கோரிக்கையை இந்த ஒன்றோடு சுருக்கிக்கொள்ள விரும்பினால், இரண்டு மாதத்துக்குள் திருத்தம் தரலாம்.' இதுதான் சாரம். கூடவே ஒரு நிபந்தனை. முதலில் இவ்வளவு விரிவாக எழுத நேர்ந்தது எப்படி என்று, எழுதியவர் சத்தியம் செய்து ஒரு விளக்கம் தர வேண்டும்.

எழுதியவர் என்றால் நான்.

நான் என்ன எழுத வேண்டும்? 'விண்ணப்பதாரர் தெளிவாகத்தான் எழுதித் தந்தார். நான்தான் அதைக் குழப்பினேன்.' ஒரே ஒரு வரி. அவர் எழுதித் தந்த தாளையும் சேர்த்து அனுப்பினால் காரியம் முடிந்தது. ஞானமுத்துவுக்கு உரிமை கிடைத்திருக்கும்.

அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அலுவலகத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். இன்று எழுதிவிடலாம் என்று உட்காருவேன். 'நான்தான் குழப்பினேன்' என்ற இடம் வரும்போது பேனா நிற்கும். அது சத்தியக் கடிதம். பதிவாகும். நகல் வரும். எதிர்க் கம்பெனிக்குப் போகும். அவர்களுடைய வக்கீல் நாகர்கோவில்காரர், பத்திரக் கேசுகளில் தினமும் என் எழுத்தைப் பார்க்கிறவர். பிள்ளைவாள் எழுதினது நிற்கவில்லையாம், அவரே தப்பென்று எழுதிக் கொடுத்தாராம் என்று கோர்ட்டு வராந்தாவில் சிரிப்பார்கள்...

சிரித்தால் என்ன? நான்கு நாள் சிரித்திருப்பார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். அன்றும் தெரிந்தது.

முதல் மாதம் நாளை, நாளை என்று போனது. இரண்டாவது மாதம் ஞானமுத்து ஒருநாள் வழியில் சைக்கிளை நிறுத்தினார்.

"கல்கத்தாவிலேருந்து கடலாசு ஒண்ணும் வரல்லியா அண்ணாச்சி?"

கடிதம் அப்போது என் பையில்தான் இருந்தது. என் நெஞ்சுக்கும் அதற்கும் நடுவே சட்டைத் துணி மட்டும்தான்.

"வரல்ல," என்றேன்.

"வரும். நீங்க எழுதினதுல்லா" என்று சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதம் கடந்தது. அப்புறம் கடைசி உத்தரவு வந்தது. திருத்தம் எதுவும் வராததால், கோரிக்கை முதலில் இருந்தபடியே எடுத்துக்கொள்ளப்பட்டது. அது தெளிவாக இல்லை. அதன் அகலத்துக்கு எடுத்துக்கொண்டால் யாருக்கும் தானாகத் தோன்றக்கூடியதே. மேல்முறையீடு தள்ளுபடி.

இனி நான் செய்ததைக் கவனமாகக் கேளுங்கள். உத்தரவில் இரண்டு காரணம் இருந்தது என்று சொன்னேன் அல்லவா? தெளிவில்லை என்பது என் குற்றம். தானாகத் தோன்றக்கூடியது என்பதுதான் ஞானமுத்து தலையில் விழுவது. அதுவும் என் குற்றத்தால் வந்து விழுந்தது. நான் குளச்சலுக்குப் போய், கடையில் அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த இரண்டாவதை மட்டும் படித்துச் சொன்னேன். தாளை அவர் கையில் கொடுக்கவில்லை.

"எல்லாருக்கும் தெரிஞ்ச விசயமாம் ஞானமுத்து. வள்ளக்காரங்களுக்குத் தானாட்டுத் தோணுமாம். புதுசா ஒண்ணும் இல்லியாம்."

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். சண்டை போட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ! அவர் கையிலிருந்த சின்னத் திருப்புளியை மேசைமேல் வைத்தார். பிறகு சிரித்தார்.

"அவங்க சொல்லுகது சரிதான அண்ணாச்சி. எண்ணெய் நான் உண்டாக்கினதா? கரண்டு நான் உண்டாக்கினதா? நான்தான் ஒரு பெரிய காரியம்னு தலையில தூக்கி வச்சிட்டு நடந்தேன்."

"விடும்," என்றேன்.

"நீங்க எனக்காவ எவ்வளவு எழுதினிய. ஒங்களுக்குத்தான் சிரமம்."

அவர் எனக்கு நன்றி சொன்னார். கேட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு ஞானமுத்து தகடு பூசவில்லை. செய்ய வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் செய்யவில்லை. அதைவிடக் கொடுமை, தானே அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். கடைக்கு வருகிறவர்களிடம், "நானும் ஒரு சயின்டிஸ்டாக்கும். நம்ம கடப்புறத்து ஆளுகளுக்குத் தெரிஞ்சத புதுசாட்டுக் கண்டுபிடிச்சவன்" என்பார். ஆட்களும் சிரிப்பார்கள். புதிதாக எதையும் யோசிக்கிறதை விட்டுவிட்டார். ஒரு ரேடியோ வந்தால், கெட்டுப்போன சாமானை எடுத்துவிட்டு மதராசிலிருந்து வந்த சாமானை மாட்டுவார், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் அவர் என்னைத் தேடி இரணியலுக்கு வந்தார். கையில் ஒரு தகர டப்பா. ஆட்சேபம் கொடுத்த அதே கம்பெனி போட்ட பூச்சு. டப்பாவின் மேல் இங்கிலீசில் செய்முறை அச்சிட்டிருந்தது. அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். மெல்லிசாகப் பூசி, ஈரத்தோடு குறைந்த மின்சாரம் செலுத்தி, உள்ளிருந்து காயவைக்கவும். வெயிலில் வைக்க வேண்டாம்.

அவர்கள் அதை எங்கிருந்து படித்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்சேபம் கொடுப்பதற்காக வாங்கிப் படித்தார்களே, நான் எழுதியதை. அந்த இரண்டு பக்கத்துக்குள்ளேதான் ஞானமுத்துவின் வரியும் கிடந்தது. அவர்களுக்குத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கிறது.

இப்போதாவது அவருக்குப் பொறி தட்டும், கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் முகம் ஒருவிதமான நிம்மதியோடு இருந்தது.

"பாத்தியளா அண்ணாச்சி. எங்கயோ இருக்கவனுக்கும் இதே மாதிரி தோணியிருக்கு. கல்கத்தாக்காரன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் கொஞ்ச நாளு மனசுக்குள்ள அவன வைதுட்டுக் கெடந்தேன். அது பாவம்."

தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதையே, தன்னிடம் ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சியாக என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஆமா" என்றேன்.

அதன்பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் நீங்கள் கொஞ்சம் இரங்குவீர்கள். நன்றாகவே இறங்கியது. தொழிலும் நன்றாக நடந்தது. எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் பத்திர வேலை இரண்டு மடங்காக வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரேடியோவைத் திருகும்போது மட்டும் ஞானமுத்து ஞாபகத்துக்கு வருவார். அந்த ரேடியோ ஒரு மழைக்காலத்திலும் நின்றதில்லை. வால்வு இரண்டு தடவை மாற்றினோம், தகட்டை மாற்றவே இல்லை.

அந்த வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸ் கழிந்து நான்காம் நாள், கடிதத்தையும் அந்த நான்கு வரித் தாளையும் எடுத்துக்கொண்டு ஞானமுத்து வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றே போனேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே போனேன். அவர் கடையிலிருந்து வரவில்லை. அன்னம்மாள் காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவுப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இவரு எப்பவும் சொல்லிச் சிரிக்காரு, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்னு. எனக்கு அது வெளங்கல்ல. எத்தன ராத்தல் எண்ணெய் காய்ச்சினேன். எத்தன தகடு செத்துது. எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா, ஒராளு வந்து, இப்பிடிச் செய்யுன்னு சொல்லியிருக்க மாட்டாங்களா?" அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க அந்தக் கடலாசு எல்லாம் வாசிச்ச ஆளு. நெசத்தச் சொல்லுங்கோ. இவரு கண்டுபிடிச்சதுல நெசமாட்டு ஒண்ணுமே இல்லியா?"

இந்தியாவில் எந்த அதிகாரியும் கேட்காத கேள்வியை, இவ்வளவு தெளிவாக, ஏழாவது கூடப் படிக்காத ஒரு பெண் கேட்டாள். பதில் என் சட்டைப் பையில் இருந்தது. கையை விட்டு எடுத்தால் போதும்.

ஆனால் எடுத்தால் அவள் அடுத்த கேள்வி கேட்பாள். 'இது எப்ப வந்தது?' என்பாள். 'இவ்வளவு நாளும் எங்க இருந்துது?' என்பாள். ஒரு தப்பைச் சொல்லத்தான் நான் தயாராகப் போயிருந்தேன். அதைப் பல வருஷம் மறைத்தேன் என்று சொல்லத் தயாராக இல்லை.

"இல்லம்மா," என்றேன். "ஒண்ணும் இல்ல."

அவள் அழவில்லை. "சரி" என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "காப்பி ஆறிப் போவும், குடியுங்கோ."

அந்தக் காப்பியை நான் குடித்தேன். முழுதும் குடித்தேன்.

அப்போதுதான் ஞானமுத்து சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். என்னைக் கண்டதில் அவ்வளவு சந்தோஷம்.

"அண்ணாச்சிக்க ரேடியோ எப்பிடிப் பாடுது?"

"நல்லாப் பாடுது."

"அந்தப் பழைய தகடுதானா?"

"அதேதான்."

அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். "அப்பம் நம்ம கடப்புறத்து ஆளுகளுக்க வித்தை கொள்ளாம், நல்ல வித்தைதான்."

அன்னம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஞானமுத்து போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்போடுதான் போனார். கல்லறையில் பேருக்குக் கீழே ரேடியோ மெக்கானிக் என்று இருக்கிறது.

அன்னம்மாள் இருக்கிறாள். எழுத்துக் கூட்டி வேதம் வாசிக்கிறவள், இதையும் வாசித்துவிடுவாள். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதான். பஸ் ஏறினால் கால் மணி நேரம். முந்தாநாள் பஸ் நிறுத்தம் வரை போனேன். பஸ் வந்தது, நின்றது, போனது. நான் திரும்பி வந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நீங்கள் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்கப் போவதில்லை.

மன்னிப்பீர்களா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களுக்கு அந்த அதிகாரமும் இல்லை.

கடைசியில் வழக்கமான வரியை எழுத வேண்டும். இந்தத் தாள்களை எண்ணிப் பார்த்துவிட்டேன். அடித்தல் இருபத்தாறு, திருத்தல் பதினொன்று. அன்னம்மாளிடம் சொன்ன 'இல்ல' மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது.